அரிய ஆப்பிரிக்க வயலெட்: எங்கே தேடுவது, எவரிடம் வாங்குவது?

தொட்டியில் வளரும் பூச்செடிகளுள் ஆப்பிரிக்க வயலெட்டுக்குத் தனி இடம் உண்டு. வட்டமாக அடுக்கி வைத்தாற் போன்ற, மென்மயிர் போர்த்த இலைகளும், அவற்றின் நடுவே கொத்தாக எழும் ஊதா மலர்களும் உடைய இச்சிறு செடி, மேல்நாட்டு வீடுகளின் சாளர ஓரங்களில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வருகிறது. அதன் சாதாரண ரகங்களை அந்நாடுகளில் காய்கறி வாங்கும் கடையிலேயே வாங்கிவிடலாம். ஆனால், சக்கரம் போல் கோடிட்ட மலர், மஞ்சள் சாயல் படிந்த மலர், பச்சையும் வெண்மையும் கலந்த இலை, உள்ளங்கையளவே பரவும் குறுஞ்செடி என்று அரியவற்றைத் தேடத் தொடங்கியவுடன் அக்கடைகள் பயன்படுவதில்லை. அத்தகைய செடிகள் எங்கே கிடைக்கும், எவரை நம்பி வாங்கலாம், வாங்கியதை எவ்வாறு காப்பது என்பவற்றை இங்கே முறையாக விளக்க முற்படுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுவது நலம். அரிய வயலெட்டை வாங்குவோர் செடியை மட்டும் வாங்குவதில்லை. அதன் பெயரையும் சேர்த்தே வாங்குகின்றனர். நூல் சிட்டத்தின் மேல் ஒட்டிய சீட்டில் 60-ஆம் நம்பர் என்று இருப்பதை நம்பியே நெசவாளர் பாவு ஏற்றுகின்றார். சீட்டு பொய்யானால் பல நாள் உழைப்பு வீணான பின்னரே உண்மை வெளிப்படும். விதை வாங்கும் உழவரின் நிலையும் இதுவே. ஓர் இலையை வாங்கி, ஓராண்டு வளர்த்து, முதற்பூ மலரும்போது அது வேறு ரகம் என்று காண்பவரின் ஏமாற்றமும் இத்தகையதே. ஆகவே, பெயரை நேர்மையுடன் காத்து வருவோர் எவரோ அவரிடம் வாங்குவதே முதல் விதி. பின்வருவன யாவும் இவ்விதியின் விரிவே ஆகும்.

செடியின் பிறப்பிடம்

பெயரில் வயலெட் என்று வழங்கினும், இச்செடி உண்மையான வயலெட் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கெஸ்னேரியேசி என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்றைய டான்சானியாவும், அதனை அடுத்த கென்யாவின் ஒரு பகுதியுமாகும். அங்கே உசம்பரா முதலிய மலைகளில், மரநிழல் மூடிய பாறைச் சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் இது இயற்கையாக வளர்கிறது. ஒரு மலையில் காணப்படுவது அடுத்த மலையில் காணப்படாதிருப்பதும் உண்டு. காட்டுச் செடிகள் அரியனவாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

அப்பகுதி ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த காலத்தில், மாவட்ட அதிகாரியாகப் பணியாற்றிய வால்டர் வான் செயின்ட் பால்-இலெய்ர் என்பவர் 1892-ஆம் ஆண்டில் இதனைக் கண்டு, ஜெர்மனியில் இருந்த தம் தந்தைக்கு அனுப்பி வைத்தார். தந்தையார் அதனை ஹானோவர் நகரின் ஹெரன்ஹாசன் அரச தோட்டத்தின் தலைவர் ஹெர்மன் வெண்ட்லாண்டிடம் ஒப்படைத்தார். வெண்ட்லாண்ட் 1893-இல் செடியை ஆராய்ந்து, கண்டவரின் குடும்பப் பெயரால் செயின்ட்பாலியா என்று பெயரிட்டார். அதே ஆண்டில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த தோட்டக்கலைக் கண்காட்சியில் அது காண்போரைக் கவர்ந்தது. எர்பர்ட் நகரின் எர்ன்ஸ்ட் பெனாரி விதை நிறுவனத்தார் அதன் விதையை வாணிகத்தில் பரப்பினர்.

தாவர நூலார் 2015-இல் செயின்ட்பாலியாவை ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்னும் பெரிய பேரினத்துள் ஒரு பிரிவாகச் சேர்த்துவிட்டனர். முன்னர்த் தனித்தனி இனங்களாகக் கருதப்பட்ட சிலவும் பின்னை ஆய்வுகளில் ஒன்றாக்கப்பட்டன. இது வாங்குவோர்க்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகும். ஒரே காட்டுச் செடி ஒரு பட்டியலில் பழம்பெயராலும் மற்றொன்றில் புதுப்பெயராலும் குறிக்கப்பட்டிருக்கக் காணலாம். இரண்டையும் வெவ்வேறு செடிகள் என்று எண்ணி இருமுறை பணம் கொடுத்தல் வேண்டா.

ஒன்று பல்லாயிரமான வரலாறு

1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சேர்ந்த ஆர்மகோஸ்ட்-ராய்ஸ்டன் என்னும் செடிப் பண்ணையார் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விதை தருவித்து முளைக்க வைத்தனர். எழுந்த நாற்றுகளுள் சிறந்த பத்தினை மட்டும் தேர்ந்து பெயரிட்டனர். அவற்றுள் 'புளூ பாய்' என்பது பெரும்புகழ் பெற்றது. அச்செடியின் வழித்தோன்றல்களில் இயற்கையாகவே மாறுதல்கள் தோன்றலாயின. 1940-ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்குள் அடுக்கு மலரும், இளஞ்சிவப்பு மலரும், அடியில் வெண்பொட்டுடைய இலையும் வெளிவந்தன. பின்னர் மனிதர் மகரந்தம் மாற்றிக் கலப்பினங்கள் செய்தனர். நியூயார்க் மாநிலத்து டால்ஜ்வில் ஊரின் லிண்டன் லயன் 1950-களில் இளஞ்சிவப்பு அடுக்கு மலரைத் தந்தார். படரும் வகைகளையும் குறுஞ்செடிகளையும் பெருக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மஞ்சள் நிறம் மட்டும் நெடுநாள் கிட்டாதிருந்தது. 1980-களின் இறுதியிலேயே நோலன் பிளான்சிட் என்பவர் மஞ்சள் சாயலுடைய மலரை வெளிக்கொணர்ந்தார்.

இன்று பெயர் பெற்ற ரகங்கள் பதினாயிரத்துக்கு மேற்பட்டவை. ஆயினும், ஏட்டில் பெயர் இருப்பதனால் செடியும் உலகில் இருக்கிறது என்று கொள்ளுதல் கூடாது. எத்தனையோ ரகங்கள் பெயரளவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றை வளர்த்தவர் ஒருவராகவோ இருவராகவோ இருந்து, அவர் காலத்தோடு அவையும் மறைந்தன. அரிய ரகத்தைத் தேடுவோர் இவ்வுண்மையை மறவாதிருத்தல் வேண்டும்.

பெயர் ஏட்டைக் காக்கும் சங்கம்

1946-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்த வயலெட் கண்காட்சியையொட்டி, வளர்ப்போர் ஒன்றுகூடி அமெரிக்க ஆப்பிரிக்க வயலெட் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அரசினரோ பெருவணிகரோ தொடங்கியதன்று அது; வீட்டுச் சாளரத்தில் செடி வளர்த்தோர் சேர்ந்து கண்டது. உறுப்பினர் கட்டணத்தால் நடைபெறும் அச்சங்கம் தன் உறுப்பினர்க்கென இதழ் வெளியிடுகிறது; கண்காட்சிகளுக்கு நடுவர்களைப் பயிற்றுவிக்கிறது; ஆண்டுதோறும் வெவ்வேறு நகரில் மாநாடு கூட்டுகிறது. இவற்றினும் சிறந்த பணி ஒன்றும் உண்டு. ஆப்பிரிக்க வயலெட் ரகங்களின் பெயர்களைப் பதிவு செய்வதற்கான அனைத்துலக அமைப்பாக அச்சங்கமே விளங்குகிறது.

ஒரு புதிய ரகத்தைப் படைத்தவர் அதன் பெயர், மலரின் நிறமும் வடிவும், இலையின் தன்மை, செடியின் அளவு ஆகியவற்றைச் சங்கத்திற்கு எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். ஒருமுறை பதிந்த பெயரை மற்றொரு செடிக்கு இடுதல் கூடாது. இதனால் வாங்குவோர்க்கு விளையும் நன்மை பெரிது. விற்பவர் கூறும் பெயரைப் பதிவேட்டின் விவரத்துடன் ஒப்பிட்டு நோக்கலாம். ஏட்டில் அடுக்கு மலர் என்றிருக்க, விற்பவர் காட்டுவது ஒற்றை மலராயின் ஐயுற வேண்டியதே. பதிவு பெறாத நல்ல ரகங்களும் பல உள; பதிவின்மை ஒன்றையே குறையாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும், பதிவு பெற்ற ரகத்தில் சரிபார்க்கும் வழி ஒன்று கைவசம் இருக்கிறது.

செடியின் அளவையும் சங்கத்தார் வரையறுத்துள்ளனர். முழு வளர்ச்சியில் இலைப்பரப்பு 6 அங்குலத்துக்கு மேற்படாதது குறுஞ்செடி. 6 அங்குலத்துக்கு மேல் 8 அங்குலம் வரை பரவுவது அரைக்குறுஞ்செடி. அதற்கு மேற்பட்டவை பெருஞ்செடிகள். இளங்கன்று எதுவும் பார்வைக்குக் குறுஞ்செடியாகவே தோன்றும். ஆகவே, கண்ணால் அளந்து வாங்காமல் பெயரால் அறிந்து வாங்க வேண்டும்.

சில ரகங்கள் ஏன் அரியவை?

ஆப்பிரிக்க வயலெட்டைப் பெருக்குவது எளிது. ஓர் இலையைக் காம்புடன் கிள்ளி, ஈர மண்ணில் ஊன்றினால், காம்பின் அடியிலிருந்து குட்டிக் கன்றுகள் எழும். அவை பெரும்பாலும் தாய்ச் செடியை ஒத்தே இருக்கும். இவ்வளவு எளிதாகப் பெருகும் செடியில் அரியது என்பது எப்படி வந்தது என்று கேட்கலாம். அதற்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, சில ரகங்கள் இலையால் பெருகுவதில்லை. சக்கரக் கோடு உடைய 'கைமீரா' வகை இதற்குத் தக்க சான்று. அச்செடியின் உடலில் இருவேறு இயல்புடைய திசுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. மலரின் கோடு அந்த அமைப்பினால் விளைவது. இலையிலிருந்து எழும் கன்றோ மேற்புற அடுக்கின் உயிரணுக்களிலிருந்து தோன்றுவது. ஆகையால் அடுக்கமைப்பு குலைந்து, கோடற்ற ஒரே நிற மலரே வரும். இவ்வகையைப் பக்கக் கன்றுகளாலோ பூங்காம்பின் கணுவிலிருந்து எழுப்பும் கன்றுகளாலோதான் பெருக்க வேண்டும். ஒரு செடி சில கன்றுகளையே தரும். அதனால் விலை கூடுகிறது. இவ்விலையுயர்வு நியாயமானதே. ஆனால், கைமீராவின் இலையை எவரேனும் விற்க முன்வந்தால், அவர் அறியாதவர் அல்லது ஏமாற்றுபவர் என்று கொள்ளலாம்.

இரண்டாவது, சில ரகங்கள் நிலையற்றவை. ஒரு நிறத்தின் மேல் வேறு நிறம் புள்ளியாகவும் தெறிப்பாகவும் விழுந்த மலர்களைப் 'பேன்டசி' என்பர். அவற்றின் கன்றுகளுள் சில, புள்ளியின்றி வெறும் நிறமாகப் பூத்துவிடும். நேர்மையான வளர்ப்போர் ஒவ்வொரு கன்றும் முதற்பூ மலர்ந்து இயல்பு தெரிந்த பின்னரே அதற்குப் பெயர்ச் சீட்டு இடுவர். இரு நிற இலை ரகங்களிலும் இத்தகைய இடர் உண்டு. முற்றும் வெளுத்த இலையில் உணவு ஆக்கும் பச்சையம் போதாமையால் அதிலிருந்து எழும் கன்றுகள் நலிந்து மடியும். பச்சை மிகுந்த இலையையே ஊன்றுவதற்குத் தேர்தல் வேண்டும்.

மூன்றாவது, சில ரகங்கள் காலத்தால் அரியவாயின. புதியவற்றின் மேல் மக்கள் நாட்டம் திரும்பும்போது பழைய ரகங்களை வளர்ப்போர் குறைகின்றனர். அவற்றின் அழகு குறைந்ததன்று, கைமாறுதல் நின்றது. இவ்வகையைத் தேடுவதே மிகக் கடினம். ஆனால், தேடிக் கண்டபின் பெருக்குவது மிக எளிது.

வாங்கத் தக்க இடங்கள்

முதலிடம் சங்கக் கிளைகளின் விற்பனைக்கே உரியது. அமெரிக்காவின் பல ஊர்களில் தாய்ச் சங்கத்துடன் இணைந்த கிளைச் சங்கங்கள் உள்ளன. அவை கண்காட்சியும் அதனையொட்டி விற்பனையும் நடத்துகின்றன. அங்கே விற்கப்படுபவை பெரும்பாலும் உறுப்பினர்கள் தம் வீட்டில் இலையூன்றி வளர்த்த கன்றுகள். வருவாயின் பகுதி சங்கத்தின் பொது நிதிக்குச் சேருகிறது. வாங்குபவர் வளர்த்தவரையே நேரில் கண்டு, தாய்ச்செடி எத்தகையது, எங்கிருந்து வந்தது என்று கேட்டறியலாம். சில வேளை அதே செடியைக் கண்காட்சி மேசையில் முழுவளர்ச்சியுடன் காணவும் கூடும். இடைத்தரகர் இன்மையால் விலையும் மிகாது. ஆண்டு மாநாட்டின் விற்பனைக் கூடம் இதனினும் பெரியது. பல மாநில வளர்ப்போரும் பண்ணையாரும் ஒரே கூரையின் கீழ்க் கடை விரிக்கின்றனர். புதிய ரகங்கள் முதன்முதல் வெளிவருவதும் பெரும்பாலும் அங்கேயே. அரியவை முதல் நாளிலேயே விற்றுவிடுமாதலால், வேண்டிய பெயர்களை முன்னரே எழுதி எடுத்துச் செல்வது வழக்கம்.

இரண்டாவது இடம், வயலெட்டையே தொழிலாகக் கொண்ட தனிப் பண்ணைகள். மேலே குறித்த டால்ஜ்வில் பண்ணை பழமையானது. நியூயார்க் மாநிலத்தின் நேப்பிள்ஸ் ஊரில் உள்ள 'வயலெட் பார்ன்' பண்ணை, குறுஞ்செடிகளுக்கும் கைமீராக்களுக்கும் பெயர் பெற்றது. இத்தகைய பண்ணைகள் ரகப் பட்டியல் வெளியிட்டு, அஞ்சல் வழியாகச் செடி அனுப்புகின்றன. பட்டியலில் இலை, இளங்கன்று என்று தனித்தனி விலை குறித்திருப்பர். ஒவ்வொரு செடியுடனும் பெயர்ச் சீட்டு வரும். தொழிலின் நற்பெயர் அச்சீட்டின் உண்மையைப் பொறுத்திருத்தலால், நல்ல பண்ணையார் தவறு நேர்ந்தால் மாற்றிக் கொடுப்பதில் தயங்குவதில்லை. பண்ணைகள் கைமாறுவதும் மூடப்படுவதும் உண்டாகையால், தற்போது இயங்குவன எவை என்பதைச் சங்கத்தின் இதழில் வெளியாகும் விளம்பரங்களால் அறிவது நல்லது.

மூன்றாவதாகக் குறிக்கத் தக்கது, கெஸ்னேரியாட் சங்கத்தின் விதை நிதி. 1951-இல் அமெரிக்க குளோக்சினியா சங்கம் என்ற பெயரில் தொடங்கிய இச்சங்கம், இக்குடும்பத்துச் செடிகளின் விதையை உறுப்பினர்களிடமிருந்து பெற்று, வேண்டுவோர்க்குச் சிறு தொகைக்கு வழங்குகிறது. காட்டு இனங்களை நாடுவோர்க்கு இது மிக உகந்த வழி. கலப்பின ரகத்தின் விதை தாயை ஒத்த செடியைத் தாராது. ஆனால், தன் மகரந்தத்தால் காய்த்த காட்டு இனத்தின் விதை இனத்தின் இயல்பைக் காக்கும். விதை தூள் போல் நுண்ணியது. மண்ணால் மூடாமல் மேலே தூவி, ஈரம் காத்து முளைக்க வைக்க வேண்டும்.

நான்காவது, கிழக்கு ஐரோப்பாவின் வளர்ப்போர். சென்ற சில பத்தாண்டுகளில் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் இக்கலை பெரிதும் வளர்ந்துள்ளது. பெருத்த மலரும் மடிப்பு விளிம்பும் உடைய அவர்களுடைய ரகங்களை உலகெங்கும் தேடுகின்றனர். அங்கே ரகப் பெயருக்கு முன்னர்ப் படைத்தவரின் முதலெழுத்துகளைச் சேர்ப்பது மரபு. உக்ரைனின் எலேனா லெபெட்ஸ்காயாவின் ரகங்கள் 'எல்.ஈ.' என்றும், ரஷ்யாவின் எலேனா கோர்ஷுனோவாவின் ரகங்கள் 'ஈ.கே.' என்றும் தொடங்கும். அம்முதலெழுத்து பெயரின் ஒரு பகுதியே. அதனைச் சீட்டில் விடுதல் கூடாது. மேலும், இப்பெயர்கள் மொழிபெயர்க்கப்படும்போது ஒரே ரகம் இரு பெயர் பெறுவதும் உண்டு. மூலப்பெயரையும் கேட்டு எழுதி வைத்தல் முறை.

பொதுக் கடைகளில் கிடைக்கும் செடிகளைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். அவை நலமுடன் வளர்ந்த, விலை மலிந்த நல்ல செடிகளே. வளர்ப்புப் பழக விரும்புவோர் அவற்றிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. ஆனால், பலவற்றில் ரகப் பெயர் இராது. பெயரின்றி வந்த செடிக்கு, பார்வை ஒற்றுமையைக் கொண்டு பெயர் சூட்டுதல் பெருந்தவறு. ஒன்றுபோல் தோன்றும் ஊதா மலர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பெயர் தெரியாததைப் பெயர் தெரியாததாகவே வைத்துப் போற்றுவதில் இழிவு ஒன்றுமில்லை.

விலக்கத் தக்கவை

இணையவழி விற்பனை பெருகிய இக்காலத்தில், வானவில்லின் ஏழு நிறமும் ஒரே செடியில் பூக்கும் வயலெட் என்றும், கடல் நீல வயலெட் என்றும் படம் காட்டி விதை விற்போர் உளர். அத்தகைய செடி உலகில் இல்லை. படம் மட்டுமே உண்டு. நிறம் தீட்டிய படத்திற்குப் பணம் கொடுத்து, முளைக்காத விதையையோ வேறு ஏதோ செடியின் விதையையோ பெறுவது வீண். பெயர் குறித்த ரகம் எதுவும் விதையால் கிடைக்காது என்பதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் இவ்வலையில் விழ வேண்டியதில்லை.

காட்டிலிருந்து நேரே பறித்துக் கொணர்ந்தது என்று கூறி விற்கப்படுவதையும் வாங்குதல் கூடாது. உசம்பரா முதலிய மலைகளில் காடு குறைந்து வருவதால் காட்டு வயலெட்டின் வாழிடம் சுருங்கியுள்ளது. கென்யாவின் டைட்டா மலைப்பகுதிக்கே உரிய இனம் மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கி, அழியும் நிலையில் உள்ளது. வளர்ப்போரிடம் பெருகியுள்ள காட்டு இனங்களை வாங்குவதால் எவர்க்கும் தீங்கில்லை. பாறையிலிருந்து பெயர்த்ததை வாங்குவதோ இனத்தின் வேரையே அறுப்பதாகும்.

மற்றொன்று காப்புரிமை. அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டின் சட்டப்படி செடி ரகங்களுக்கும் காப்புரிமை பெறலாம். அவ்வாறு உரிமை பெற்ற ரகத்தை, அக்காலம் முடியும் வரை உரிமையாளரின் இசைவின்றி அங்கே பெருக்குதல் கூடாது. கன்று பெருக்கி விற்க எண்ணுவோர் சீட்டில் உரிமைக் குறிப்பு உளதா என்று நோக்குதல் கடமை.

இலையா, கன்றா?

இலை மலிவானது, அஞ்சலில் எளிதாகச் செல்வது. ஈரத்தாளில் காம்பைச் சுற்றி, காற்றுப் புகாப் பையில் இட்டால் சில நாள் பயணத்தைத் தாங்கும். ஆனால், மலரைக் காண எட்டு முதல் பன்னிரண்டு திங்கள் காத்திருத்தல் வேண்டும். முற்றிய அடியிலையும் வேண்டா. நடுவே விரியும் பிஞ்சிலையும் வேண்டா. இடைவரிசை இலையே ஊன்றத் தக்கது. வந்தவுடன் காம்பைச் சாய்வாக நறுக்கி, இலேசான கலவையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, மூடி வைத்து, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். ஒரு திங்களளவில் வேர் பிடிக்கும். இரண்டு மூன்று திங்களில் குட்டிகள் தலைகாட்டும்.

கன்று விலை கூடியது. ஆயினும் விரைவில் பூக்கும். கைமீராக்களை எப்போதும் கன்றாகவே வாங்க வேண்டும். கூடுமானால் பூத்துக் காட்டிய கன்றாகவே வாங்க வேண்டும். பேன்டசி வகைக்கும் அதுவே பாதுகாப்பு. மற்றவற்றிற்கு இலையே போதும். ஓர் இலை பல கன்றுகளைத் தருமாதலால், மூவர் நால்வர் கூடி வாங்கிப் பகிர்ந்துகொள்ளவும் இயலும்.

தருவிக்கும் பருவமும் முக்கியம். வெப்பநிலை 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால் இச்செடி ஊறுபடும். கடும் வெப்பத்தில் பெட்டிக்குள் வெந்துவிடும். ஆகையால், குளிர் மிகுந்த நாடுகளில் வசந்தமும் இலையுதிர் காலத்தின் தொடக்கமுமே அஞ்சலுக்கு ஏற்றவை.

புதிய செடியைத் தனித்து வைத்தல்

எவ்வளவு நம்பிக்கையானவரிடம் வாங்கியதாயினும், புதிய செடியை மற்றச் செடிகளுடன் உடனே சேர்த்தல் கூடாது. கண்ணுக்குப் புலப்படாத சிலந்திப்பூச்சி நடுக்குருத்தைக் கெடுக்கும். இலைப்பேன் மலரின் மகரந்தத்தை உதிர்க்கும். வேரில் ஒட்டும் மாவுப்பூச்சி மண்ணுள் மறைந்திருந்து செடியை வாட்டும். இவை ஒரு செடியில் வந்து, அலமாரி முழுவதையும் அழிக்க வல்லவை. இரண்டு திங்களேனும் வேறு அறையில் வைத்து, புதிய கலவையில் மாற்றி நட்டு, தழைப்பு நன்றாக இருப்பதைக் கண்ட பின்னரே கூட்டத்தில் சேர்த்தல் வேண்டும். அரிய செடி ஒன்றை அடைந்து, இருந்தவற்றை இழப்பது வாணிகமாகாது.

நாடு விட்டு நாடு தருவிப்போர் சட்டத்தையும் பேண வேண்டும். ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் இன்றிச் செடியோ இலையோ எல்லை கடத்தல் பெரும்பாலான நாடுகளில் குற்றம். இந்தியாவில் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை நடைமுறையில் உள்ளது; அதன்படி இறக்குமதி அனுமதியும் சான்றிதழும் இரண்டும் தேவை. உறையில் மறைத்து அனுப்பும் ஓர் இலையுடன் வரும் பூச்சி, வீட்டுத் தொட்டியோடு நின்றுவிடாது; வயலுக்கும் பரவக்கூடும். பயிரை நம்பி வாழும் நாம் இதனை அற்பமாக எண்ணலாகாது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

மேற்கூறியவற்றைச் சுருக்கி, விற்பவரிடம் கேட்க வேண்டிய வினாக்களாகத் தருகிறோம்.

1. ரகத்தின் முழுப்பெயரும் படைத்தவரின் பெயரும் யாவை? பதிவு பெற்றதா?
2. தாய்ச்செடி எவரிடமிருந்து பெறப்பட்டது? அது விற்பவரிடம் பூத்ததா?
3. கைமீராவாயின், கன்று எவ்வாறு எழுப்பப்பட்டது?
4. பூச்சி, நோய் இன்றி உள்ளதா? எவ்வளவு காலமாக?
5. பெயர் தவறாயின் மாற்றித் தரப்படுமா?

இவ்வைந்துக்கும் தயங்காமல் விடை கூறுபவரே வாங்கத் தக்கவர். விடை கூற மறுப்பவரிடம் செடி எவ்வளவு அழகாயினும் விட்டு வருதலே நன்று.

வாங்கிய பின்னர் வாங்கியவர்க்கும் கடமை உண்டு. பெயரைத் தொட்டியில் அழியாத மையால் எழுதி வைப்பதுடன், தனி ஏட்டில் பெற்ற நாளையும் தந்தவர் பெயரையும் குறித்தல் வேண்டும். செடி வளர்ந்தவுடன் இரண்டு மூன்று இலைகளை நம்பத் தக்க நண்பர்க்குப் பெயர்ச் சீட்டுடன் கொடுத்தல் வேண்டும். ஒருவர் கையில் மட்டும் உள்ள ரகம், ஒரு வாரம் நீர் தவறினால் உலகத்திலிருந்தே மறைந்துவிடும். பத்துப்பேர் கையில் உள்ளது, ஒருவர் இழந்தாலும் மற்றவரிடமிருந்து மீண்டும் அவரை வந்தடையும். அரிய ரகங்கள் பலவற்றை இன்றளவும் காத்து வந்தது பூட்டி வைத்தவரின் பேராசையன்று. சீட்டுடன் இலை கொடுத்தவரின் நன்னடத்தையே. பலர் கூடிச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒன்றைக் காக்கும் முறையை அறிந்த நம் உறுப்பினர்க்கு இதனை மேலும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.